வல்லினம் மெல்லினமான கதை

சிங்கப்பூரில் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது: கள்ளப் பிரதி இல்லை. 1987-இல் காப்புரிமைச் சட்டம் வருவதற்கு முன்பு இந்தத் தீவு திருட்டுக் கேசட்டுக்குப் பேர் போன ஊர். சிராங்கூன் சாலையில் கேசட் வாங்கிப் பழகிய தலைமுறை இன்றும் எதை நீட்டினாலும் "ஒரிஜினலா, காப்பியா?" என்றுதான் கேட்கும். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. செயலியில் ஒரு பழைய ராப் ஆல்பத்தைத் தேடினால் ஒரே அட்டைப்படத்தோடு இரண்டு மூன்று வந்து நிற்கும். ஒன்றின் வாலில் 'ரீமாஸ்டர்' என்று ஒட்டியிருக்கும். எல்லாமே சட்டப்படி வந்தவை, எல்லாமே அதே கலைஞரின் குரல். ஆனால் சத்தம் ஒன்றல்ல.

இதில் எது ஒரிஜினல் என்று நண்பர்களோடு சண்டை போட்டே சில வருடங்கள் போயிருக்கின்றன. வேலையில் நான் இயந்திரங்களின் அதிர்வை அளப்பவன். அதே கண்ணோடு பாட்டையும் அலையாக விரித்துப் பார்க்கிற பழக்கம் தொற்றிக்கொண்டது. பார்க்கப் பார்க்க எனக்குப் பட்டது இதுதான்: தமிழ் ராப்பைப் பொறுத்தவரை இது ஆடியோ பைத்தியங்களின் சண்டை மட்டும் இல்லை. மொழியின் ஒரு பகுதியே அங்கே அடிபடுகிறது. அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பாட்டைப் பதிவு செய்யும்போது குரலுக்கு ஒரு டிராக், பேஸுக்கு ஒன்று, டிரம்ஸுக்கு நாலைந்து என்று தனித்தனியாக இருக்கும். இவற்றைக் கலந்து இடது, வலது என்று இரண்டே டிராக்காக ஆக்குவது மிக்ஸிங். அந்த இரண்டு டிராக்கின் மேல் நடக்கும் கடைசிக் கைவேலை மாஸ்டரிங். எல்பி தட்டில் வெட்டப் போகிறோமா, கேசட்டில் ஏற்றப் போகிறோமா, சிடியா என்பதைப் பொறுத்து அங்கே கொஞ்சம் பேஸைக் குறைப்பார்கள், இங்கே கொஞ்சம் கூர்மையைக் கூட்டுவார்கள், மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்குவார்கள். ரீமாஸ்டர் என்பது பல வருடம் கழித்து அதே இரண்டு டிராக்கை எடுத்து இந்தக் கடைசி வேலையை மறுபடி செய்வது. ரீமிக்ஸ் வேறு. அதற்குத் தனித்தனி டிராக்குகளே கையில் வேண்டும். ரீமாஸ்டர் செய்பவரிடம் இருப்பது இறக்கி வைத்த சாம்பார். பெருங்காயம் தூவலாம், மல்லித்தழை போடலாம், கரைந்த உப்பை மட்டும் வெளியே எடுக்க முடியாது. (குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. அது இன்னொரு கட்டுரைக்கான வம்பு.)

சிடிக்கு ஒரு கூரை உண்டு. 16 பிட் என்றால் ஏறக்குறைய 96 டெசிபல் உயரமுள்ள ஒரு அறை. அதற்கு மேல் ஒரு இம்மிகூட ஏற முடியாது, ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும். 80-களில் சிடி வெளியிட்டவர்கள் அறையின் நடுவில் நிம்மதியாகப் புழங்கினார்கள், தலைக்கு மேல் நிறைய இடம் விட்டிருந்தார்கள். 1994-இல் வேவ்ஸ் நிறுவனம் எல்1 என்ற டிஜிட்டல் லிமிட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வரப்போகும் முனையை முன்கூட்டியே பார்த்து, அது கூரையில் மோதும் கணத்தில் மட்டும் மொத்தப் பாட்டையும் சட்டென்று அமுக்கி, உடனே கையை எடுத்துவிடும் கருவி. முனைகள் அமுங்கிவிட்டதால் மிச்சத்தை எல்லாம் மேலே தூக்கலாம். பாட்டு அதே கூரைக்குள் பல மடங்கு சத்தமாகக் கேட்கும். பக்கத்துக் கம்பெனியின் ஆல்பத்தைவிட நம்முடையது ரேடியோவில் சத்தமாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். சத்தப் போர் என்று இதற்குப் பெயரே உண்டு.

இந்தப் போரில் ஜெயிப்பது ஏன் சுலபம் என்பதற்கான காரணம் 1933-லேயே தெரிந்திருந்தது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் மனிதக் காது எந்தச் சத்த அளவில் எந்தச் சுருதியை எவ்வளவு கேட்கிறது என்று வரைபடம் போட்டார்கள். மெதுவாக ஒலிக்கும்போது காது பேஸையும் உச்ச ஒலிகளையும் குறைவாகவே வாங்கிக்கொள்கிறது. சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் தானாக நிறைந்து கேட்கும். ஆகவே ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளில் ஒன்றை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், கேட்பவர் "இதுல சவுண்டு கூட" என்று சொல்லமாட்டார். "இதுல குவாலிட்டி கூட" என்பார். கோல்மன் சாலை அடெல்ஃபி கட்டடத்தில் ஹை-ஃபை கடைகளுக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு என் ஒரே புத்திமதி: இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவராமல் எதையும் ஒப்பிடாதீர்கள். ரீமாஸ்டர் அருமை என்று எழுதப்படும் விமர்சனங்களில் பாதி இந்த ஒரு பரிசோதனையில் கரைந்துவிடும் என்பது என் சந்தேகம்.

இதெல்லாம் ராக், ஜாஸ் எதற்கும் பொருந்தும். ராப்புக்கென்று தனி வம்பு ஒன்று இருக்கிறது.

1987-இல் ஈமு நிறுவனம் எஸ்பி-1200 என்ற சாம்பிளரை வெளியிட்டது. அமெரிக்க ராப்பின் பொற்காலத்து ஆல்பங்கள் பலவற்றின் முதுகெலும்பு இந்தப் பெட்டி. பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை உள்ளே இழுத்து, அதைத் திருப்பித் திருப்பி ஓட்டி அதன் மேல் பாடுவார்கள். பெட்டியின் கணக்கைப் பாருங்கள்: 12 பிட், நொடிக்கு 26,040 துண்டு, மொத்த நினைவகமே 10 நொடிக்குத்தான். சிடி நொடியை 44,100 துண்டாக வெட்டுகிறது. 26,040 என்றால் 13 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி உள்ளேயே போகாது. 10 நொடி போதாமல் தயாரிப்பாளர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓட்டி, வேகமாகக் கீச்சிடும் ஒலியைக் குறைந்த இடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு, பிறகு பெட்டிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சமானது, ஒலி இன்னும் கரகரப்பானது. அந்தக் கரகரப்பைத்தான் இன்று உலகமே "90-ஸ் பூம் பாப்" என்று கொண்டாடுகிறது.

இப்போது இதை ரீமாஸ்டர் செய்ய உட்காருகிறீர்கள். எதைத் தெளிவாக்குவீர்கள்? இழந்த உச்ச ஒலியை மீட்கலாம் என்றால் அது எப்போதுமே அங்கே இருந்ததில்லை. கூர்மையைக் கூட்டினால் கூடுவது 12 பிட்டின் இரைச்சலும் எவனோ தேய்த்த தட்டின் கீறலும். நாஸின் 'இல்மேட்டிக்' 1994-இல் வந்தது, இருபது வருடம் கழித்து 'இல்மேட்டிக் XX' என்று ரீமாஸ்டராக வந்தது. அது போன்ற ஆல்பத்தில் அழுக்கு என்று நாம் நினைப்பது அழுக்கு இல்லை. அதை வேண்டுமென்றே தேடிப் பிடித்து, பெட்டிக்குள் போட்டு, அதற்கு ஏற்றபடி குரலை வைத்திருக்கிறார்கள். ராப்பின் 'ஒரிஜினல்' என்பதே வேறொருவரின் இசைத்தட்டுக்கு நடந்த ஒரு முரட்டு ரீமாஸ்டர்தான்.

எல்லா ரீமாஸ்டரும் வீண் என்று சொல்லவில்லை. டி லா சோலின் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைஸிங்' 1989-இல் வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் 24 டிராக்கை ஒரே எல்பியில் அடைத்தார்கள். ஒரு பக்கத்தில் நேரம் கூடக் கூடத் தட்டின் பள்ளங்கள் ஒன்றோடொன்று நெருங்க வேண்டும். நெருங்கினால் பேஸை வெட்டியே ஆக வேண்டும். அந்தத் தட்டை மறுபடி இடம் விட்டு வெட்டினால் நல்லது நடக்கத்தான் செய்யும். அந்த ஆல்பம் சாம்பிள் உரிமைச் சிக்கலில் மாட்டி, 2023 மார்ச் 3 வரை ஸ்ட்ரீமிங் பக்கமே வரவில்லை. மூவரில் ஒருவரான ட்ருகாய் அதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு இறந்துபோனார். எனக்குத் தெரிந்து ரீமாஸ்டரிங் வரலாற்றில் இதைவிடச் சோகமான தேதி இல்லை.

இனி நம் பக்கம் வருவோம்.

எல்1 வந்த அதே 1994-இல்தான் 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்தது. சினிமா கேட்கும் தமிழர்களுக்கு ராப் என்ற சொல்லே அந்தப் பாட்டோடுதான் வீட்டுக்குள் நுழைந்தது. சினிமாவுக்கு வெளியே இந்த வித்தையைத் தமிழில் வளர்த்தெடுத்தவர்கள் என்றால் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். 90-களின் இறுதியில் மலேசியாவில் பொயட்டிக் அம்மோ என்ற குழு ஆங்கிலம், மலாய், தமிழ், காண்டனீஸ் என்று கலந்து பாடியது. அதிலிருந்த யோகி பி பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் இருவரோடும் நட்சத்திரா என்று சேர்ந்து 2006-இல் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். தமிழில் முதல் முழு ஹிப் ஹாப் ஆல்பம் என்று அதைத்தான் பலரும் காட்டுவார்கள். அதில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு 'மடை திறந்து'. 1980-இல் 'நிழல்கள்' படத்துக்காக இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய பாட்டின் மேல் கட்டியது. அடுத்த வருடம் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்' ரீமிக்ஸிலும் யோகி பி. அதன் மூலப்பாட்டு 1979-இன் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் வந்தது. கமலும் ரஜினியும் சிங்கப்பூர் வீதிகளில் சுற்றுவார்களே, அந்தப் படம். இந்த ஊரில் எடுத்த படத்தின் பாட்டு சென்னைக்குப் போய், ஒரு மலேசியத் தமிழனின் ராப்போடு இந்த ஊருக்கே திரும்பி வந்தது.

2006 இன்னும் இரண்டு காரணத்துக்காக முக்கியமான வருடம். ஜூரோங் ஈஸ்ட்டில் இருக்கும் கிரியேட்டிவ் டெக்னாலஜி, சிம் வோங் ஹூ தொடங்கிய நம்ம ஊர்க் கம்பெனி, ஐபாட்டின் பாட்டுப் பட்டியல் முறை தன் காப்புரிமையை மீறுகிறது என்று ஆப்பிளோடு மோதி, அந்த ஆகஸ்டில் 10 கோடி அமெரிக்க டாலர் வாங்கியது. பாட்டு என்பது பைக்குள் இருக்கும் எம்பி3 என்று ஆகிவிட்டதன் அத்தாட்சி அது. இன்னொன்று யாரும் கவனிக்காதது. அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம் பிஎஸ்.1770 என்று ஒரு தரவிதியை வெளியிட்டது. ஒலியின் உச்சத்தை விட்டுவிட்டு, மனிதக் காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதை அளக்கும் முறை. இன்று ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் அளவுக்குக் கொண்டுவருவது இந்த அளவுகோலை வைத்துத்தான். அதாவது நசுக்கி நசுக்கிச் சத்தமாக்கிய பாட்டை அது பேசாமல் இறக்கிவிடும். சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும். பன்னிரண்டு வருடம் நடந்த போர் முடிந்துவிட்டது, ஆனால் படைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

'வல்லவன்' வந்தபோது நான் தொடக்கப்பள்ளியில். ஜொகூர் பாருவில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணன் சிடி வைத்திருந்தார். ஆனால் எங்கள் கூட்டத்தில் பெரும்பாலானோர் கேட்டது சிடியை அல்ல. புளூடூத்தில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி வந்த எம்பி3 கோப்பை, வாய்ட் டெக்கில் உட்கார்ந்துகொண்டு, போனின் சின்ன ஸ்பீக்கரில். தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திடலில் அப்படித்தான் எல்லாப் பாட்டும் கேட்டது. அந்த ஸ்பீக்கரில் பேஸ் வராது. வருவதெல்லாம் குரல், அதிலும் மெய்யெழுத்துகள். யோகி பியின் பாட்டில் எங்களுக்குப் பிடித்தது எதுவென்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது சொல்வேன்: வல்லினம்.

'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'பாட்டு'. எழுத்தில் ஒரு புள்ளி வைத்த 'ட்' கூடுகிறது. வாயில் என்ன கூடுகிறது? நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, காற்றை முழுக்க அடைத்து, அப்படியே நிற்கிறது. அந்த நேரத்தில் ஒலியே இல்லை. அலைவடிவத்தில் பார்த்தால் பத்தில் ஒரு நொடிக்கு மேல் வெறும் கோடு. பிறகு நாக்கு விலகி, சின்னதாக ஒரு வெடிப்பு. 'பாட்டு' என்ற சொல்லின் உயிர் அந்த மௌனத்தில் இருக்கிறது. கண் இமைக்கும், விரல் நொடிக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வைத்து, மெய்க்கு அரை மாத்திரை கொடுத்த தொல்காப்பியர் இதைக் காதாலேயே அளந்திருக்கிறார். ஆங்கிலத்தில் சொல் தொடக்கத்தில் வரும் ப், ட், க் காற்றோடு வரும். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'டைம்' என்று ஆங்கிலக்காரன் சொன்னால் காகிதம் ஆடும். 'பட்டம்' என்று நாம் சொன்னால் பெரும்பாலும் ஆடாது. ஆங்கிலத்து வெடிப்புக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தம் காவலுக்கு நிற்கிறது. நம் வல்லினத்துக்கு இருப்பது முன்னால் உள்ள மௌனமும் ஒரு குட்டி வெடிப்பும் மட்டும்.

லிமிட்டர் எங்கே கை வைக்கிறது? ராப்பில் அழுத்தமான அசை ஸ்னேர் டிரம் விழும் இடத்தில் விழும். அதுதான் பாடுபவரின் வித்தையே. பாட்டின் உச்ச முனையும் அதே இடத்தில், ஏனென்றால் டிரம் அங்கேதான். லிமிட்டர் அந்தக் கணத்தில் மொத்தத்தையும் அமுக்கும்போது வெடிப்பும் சேர்ந்து அமுங்கும். டிரம் ஓய்ந்ததும் கை எடுக்கும்போது பேஸின் வால், அறையின் எதிரொலி, சாம்பிளின் இரைச்சல் எல்லாம் மேலே வரும். வந்து எங்கே நிரம்பும்? அடுத்த 'ட்ட'வின் மௌனத்தில்.

இதை யாருடைய ஆல்பத்தையும் வைத்துச் சொல்லவில்லை, நானே செய்து பார்த்தேன். ஈசூன் வீட்டில் ஜன்னலை அடைத்துவிட்டு, ஒரு எளிய பீட்டின் மேல் வாய்க்கு வந்த வல்லினச் சொற்களைப் பாடிப் பதிந்து (அதை யாருக்கும் போட்டுக் காட்டும் உத்தேசம் இல்லை), லிமிட்டரில் 8 டெசிபல் தள்ளினேன். அலைவடிவம் மரம் செடி தெரியும் காட்டிலிருந்து செங்கல்லாக மாறியது. பிறகு இரண்டையும் ஒரே சத்தத்துக்கு இறக்கி வைத்துக் கேட்டேன். சொற்கள் புரிந்தன. ஆனால் 'வெட்டு' வெட்டவில்லை. வல்லினம் முழுதாக மெல்லினம் ஆகிவிட்டது என்றால் இலக்கண ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். கூர் மழுங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ராப் எழுதும் நண்பன் ஒருவனிடம் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். பாட்டைக் கிண்டல் செய்து முடித்த பிறகு சொன்னான்: "மச்சி, ரெண்டாவது கிளப்ல நல்லா போகும். ஆனா மொதல்லதுலதான் வாய் தெரியுது."

வாய் தெரிவது. இந்தச் சொல்லைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. எம்ஆர்டியில் வடக்கு-தெற்கு ரயில் உயர்பாதையை விட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் சக்கரச் சத்தம் எல்லாவற்றையும் மூடும். மெல்லிய இடங்களுக்கு நிறைய இடம் விட்டு மாஸ்டர் செய்த பாட்டில் பாதி அங்கே காணாமல் போகும். நசுக்கிய பதிப்பு நின்று பேசும். காரிலும் அப்படித்தான், ஓடும் லாரியின் பின்னால் உட்கார்ந்து ஒரே இயர்ஃபோனை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும்போதும் அப்படித்தான். யார் எங்கே கேட்பார்கள் என்று யோசித்து ஒருவர் சத்தத்தை ஏற்றியிருந்தால் அவரை நான் திட்டமாட்டேன். எனக்குள்ள கோபம் வேறு: இரண்டு பதிப்பும் இருக்கட்டும், ஆனால் ஒன்று வந்ததும் மற்றது மறைந்துவிடுகிறது.

2016-இல் கான்யே வெஸ்ட் 'த லைஃப் ஆஃப் பாப்லோ'வை ஸ்ட்ரீமிங்கில் வெளியிட்ட பிறகு வாரக்கணக்கில் அதை மாற்றிக்கொண்டே இருந்தார். வரி மாறியது, குரல் கூடியது, மிக்ஸ் மாறியது. முதல் நாள் கேட்டவரும் மூன்று மாதம் கழித்துக் கேட்டவரும் ஒரே பெயருள்ள வேறு ஆல்பத்தைக் கேட்டார்கள். அவர் அதை ஊரறியச் செய்தார். சத்தம் போடாமல் நடப்பதற்கு நம் கையில் ஒரு தடயமும் இருக்காது. தட்டில் வெட்டியதை யாரும் வீடு புகுந்து மாற்ற முடியாது. சர்வரில் இருப்பதை மாற்ற ஒரு கிளிக் போதும், பாட்டின் பெயரோ படமோ மாறப்போவதில்லை.

இது நமக்கு அதிகம் வலிக்கும். நாஸின் 1994 சிடி உலகம் முழுக்க லட்சக்கணக்கில் கிடக்கிறது, நாளைக்கு எல்லா செயலியும் ரீமாஸ்டருக்கு மாறினாலும் யாராவது பழையதை எடுத்து ஒப்பிடுவார்கள். நம்முடையது சின்னக் கூட்டம். மலேசியாவிலும் இங்கேயும் சொந்தக் காசில் பதிந்து, சில நூறோ சில ஆயிரமோ அடித்து, கடை கடையாகக் கொடுத்த சிடிக்கள். முஸ்தஃபாவில் சிடி அடுக்குகள் ஒரு பெரும் பகுதியாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. 2010-இல் 'எந்திரன்' வந்தபோது 'இரும்பிலே ஓர் இருதயம்' பாட்டில் ஏ.ஆர். ரஹ்மானோடு ராப் பாடிய கேஷ், கிரிஸ்ஸி இரண்டு பேரும் சிங்கப்பூர்ப் பெண்கள் என்று அந்த அடுக்குக்கு முன்னால் நின்று பெருமையடித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் படத்தின் சிடி எங்கேயும் கிடைக்கும், சினிமாவுக்கு அந்த வசதி உண்டு. எட்டு வருடம் கழித்து யங் ராஜா அதே கடையின் பெயரில் 'முஸ்தஃபா' என்று ஒரு பாட்டை வெளியிட்டபோது நான் அதைக் கேட்டது போனில்தான். அடுக்கு, அட்டை, உள்தாள் எதுவும் தேவைப்படவில்லை. அந்தப் பாட்டின் ஒரிஜினல் எது என்று 2040-இல் ஒருவர் கேட்டால் எதைக் காட்டுவது?

சிங்கப்பூரில் வெளியாகும் நூல் முதலான வெளியீடுகளில் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2018-இல் சட்டத்தைத் திருத்தி மின்வடிவத்தில் வருபவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். நல்ல சட்டம். இங்கே தமிழில் பாடும் தம்பி தங்கைகளிடம் நான் நச்சரிப்பது ஒன்றுதான்: பாட்டை ஏற்றும் நாளில், லிமிட்டருக்குப் போகும் முன்னால் உள்ள மிக்ஸை 24 பிட் கோப்பாக ஒரு தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, தேதி எழுதி வையுங்கள். முடிந்தால் தனித்தனி டிராக்குகளையும். 'வல்லவன்' காலத்தில் ஹார்ட் டிஸ்க் விலை அதிகம், இப்போது சிம் லிம்மில் ஒரு நல்ல இரவுச் சாப்பாட்டுச் செலவுக்கு அத்தனை ஆல்பமும் அடங்கும்.

அண்ணனின் சிடி சென்ற வருடம் என் கைக்கு வந்தது. பெட்டி உடைந்து, வட்டின் அடியில் நகக்கீறல் மாதிரி நாலைந்து கோடு. ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் மென்பொருளில் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் கணினிக்குள் இறக்கினேன். பிறகு அதில் 'மடை திறந்து'வை மட்டும் எடுத்து, அந்தக் காலத்துப் போன் கோப்பு போல 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினேன். எம்பி3 செய்யும்போது முன்னால் ஆயிரத்துச் சொச்சம் துண்டு அளவுக்குச் சின்னத் தாமதம் சேரும், அதைத் தள்ளிச் சரிசெய்து, சிடியிலிருந்து எம்பி3-ஐக் கழித்தேன். மிஞ்சுவது எம்பி3 வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. 16 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள சிம்பல் மினுமினுப்பு, ச-வின் காற்று, ட-வும் த-வும் திறக்கும் இடத்தின் விளிம்புகள். சுருதி இல்லை, பேஸ் இல்லை. தண்ணீருக்கு அடியில் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல இருந்தது.

சிடியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணனிடம் அந்தக் குப்பைக் கோப்பை மட்டும் ஹெட்ஃபோனில் போட்டேன், என்னவென்று சொல்லவில்லை. "என்னடா இது, ரேடியோ புட்டுக்குச்சா?" என்றார். கழற்றப் போனவர் கையை அப்படியே காதில் வைத்துக்கொண்டு பத்து நொடி கேட்டார். விரல் மேசையில் தாளம் போட ஆரம்பித்தது.

"டேய், இது மடை திறந்துடா."